தரை தொடாத கோடு

"இந்தக் கோடு இப்படியே கிடந்தாப் போதும், நாம ஏழு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்!"

கணினித் திரையில் நகத்தால் தட்டிக் காட்டினாள் மெர்லிண்டா.

"போன வாரம் பன்னிரண்டு இருந்துச்சே மேடம்?" என்றான் ரோடெல்.

"இந்த வாரம் ஏழு. வெறும் ஏழு."

படகு கம்பெனி ஒன்றுக்காக எழுதப்படும் டிக்கெட் மென்பொருளில் தப்புத் தேடுவது மெர்லிண்டாவின் குழுவுக்கு வேலை. செபு துறைமுகத்துக்குப் பின்னால், நான்காவது மாடியில் அவர்கள் ஆபீஸ். மென்பொருளை எழுதுகிறவர்கள் பக்கத்து ஊரான மாண்டவேயில் இருக்கும் வேறொரு கம்பெனிக்காரர்கள். பிடிபடும் ஒவ்வொரு தப்பும் எண் போட்டுப் பதிவாகும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு பொத்தானை அழுத்தினால், இடப்பக்கம் அட்டவணை, வலப்பக்கம் வரைபடமாக அந்த வார அறிக்கை வந்து விழும். புதிய தப்புகள் பத்துக்குக் கீழே போய்விட்டால் மென்பொருள் தேறிவிட்டது என்று அர்த்தம். அன்றோடு ஒப்பந்தமும் முடிந்தது.

இது அக்டோபர். இந்த ஊரில் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும்; ஜன்னலில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது.

"மூணு மணிக்கு மாண்டவேயிலருந்து ரமில் சார் வந்து அறிக்கையில கையெழுத்துப் போடுவார். அதுக்குள்ள தேடு."

"என்னத்தைத் தேடுறது? எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதே!"

"நாசமாப் போச்சு! அப்படிச் சொல்லவா உனக்குச் சம்பளம்? தேடுடா!"

ரோடெல் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டான். ஐந்து நிமிடம் கழித்து, "மேடம், 'ரத்து' பொத்தான் ரெண்டு புள்ளி இடதுபக்கமாத் தள்ளி இருக்கு."

"போடு. எட்டு."

"கப்பல் படத்துல புகை இந்தப் பக்கம் போகுது. கொடி அந்தப் பக்கம் பறக்குது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதாம்?"

"அப்படிச் சொல்லு! போடு, ஒன்பது."

"போஹோல் தீவுக்குச் சண்டைச் சேவலோட போறவன் சேவல் பேரை எங்க எழுதுவான்? அதுக்குக் கட்டமே இல்ல."

"சேவலுக்கு எதுக்குடா பேரு?"

"என் மாமனார் சேவலுக்கு மூணு பேர் இருக்கு மேடம். எனக்குத்தான் அந்த வீட்டுல பேரே கிடையாது."

"சரி, சரி. பத்து."

அதன்பிறகு மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். உதவிப் பக்கத்தில் எங்கேயோ விட்டுப்போன காற்புள்ளி, பச்சை நிறம் பாசி மாதிரி இருப்பது என்று எல்லாம் பதிவேறின. மூன்று மணிக்கு மெர்லிண்டா பொத்தானை அழுத்தியபோது இருபத்தாறு. கோடு துள்ளி எழுந்து நின்றது.

ரமில் சார் மாண்டவே கம்பெனியின் தலைவர். நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம். உள்ளே வந்ததும் வாழை இலையில் சுற்றிய புத்புத் என்ற அரிசிப் பலகாரம் இரண்டும், சூடான சாக்லெட்டும் அவர் முன்னால் வைத்தாள் மெர்லிண்டா. அவர் தொடவில்லை. வரைபடத்தையே பார்த்தார்.

"இருபத்தாறா?"

"கடுமையா உழைச்சோம் சார்."

"இதை வகைவாரியாப் பிரிச்சுக் காட்டுங்க."

மெர்லிண்டாவுக்கு வேறு வழியில்லை. அழுத்தினாள். திரையில் மூன்று தூண்கள் எழுந்தன. பார்வைக்கு அழகில்லாதவை பதினொன்று. எழுத்துப் பிழை எட்டு. நிஜமாகவே வேலை செய்யாதவை என்ற தூண் மட்டும் கடைசியில் குட்டையாக நின்றது. ஏழு.

ரமில் சார் அட்டவணையை ஒவ்வொரு வரியாகப் படித்தார். சேவல் வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ரோடெல், எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கொஞ்சம் வெளிய இருங்க."

ரோடெல் மெர்லிண்டாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான். ரமில் சார் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

"மெர்லிண்டா, என்னை முட்டாள்னு நினைச்சீங்களா?"

இனி ஒளித்துப் பயனில்லை.

"மன்னிச்சுடுங்க சார். நெசமான தப்பு ஏழுதான். மத்ததெல்லாம் நாங்க இழுத்துப் பிடிச்சுப் போட்டது. கோடு பத்துக்குக் கீழ போனா இந்த மாசத்தோட ஏழு பேருக்கும் வேலை இல்ல. கிறிஸ்துமஸ் நேரத்துல எந்தக் கதவைப் போய்த் தட்டுவாங்க? எல்லாம் என் யோசனைதான் சார். படகு கம்பெனிக்குச் சொல்றதானா என் பேரை மட்டும் சொல்லுங்க."

"சொல்றதா? வேற வினையே வேண்டாம்!" ரமில் சார் பதறிப்போய் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கோடு பத்துக்குக் கீழ போனா எங்க ஒப்பந்தமும் அன்னைக்கேதான் முடியுது. அந்த மென்பொருள் ஆகஸ்ட்லயே ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுபோச்சு. இந்த வாரம் எங்க பசங்க பதினெட்டுப் பேர் மண்டையை உடைச்சு உள்ள நாற்பது தப்பு ஒளிச்சு வெச்சிருக்காங்க. நீங்க என்னடான்னா அதுல ஏழைப் பிடிச்சுட்டு, கப்பல் கொடியையும் சேவல் பேரையும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் பொறுப்பா வேலை பாருங்கம்மா!"