மீசை வைத்த சிலை

"வீரனுக்கு மீசை இல்லாமலா?" என்று சிற்பியை அதட்டி, போட்டோவில் இல்லாத முறுக்கு மீசையை வைக்கச் சொன்னதே விழாத் தலைவர்தான்.

திரை விலகியது. விந்தி விந்தி வந்த பரதேசி ஒருவன் சிலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"நாட்டுக்காகச் செத்தவனைப் பார்த்தா சிரிக்கிறே?" தலைவர்தான் முதல் அறை விட்டார். கூட்டம் மொய்த்தது. கொடிக்கம்பு ஒன்று மண்டையைப் பிளந்தது.

"மீசை..." என்று முனகினான், பல்லும் ரத்தமுமாக.

"திமிரைப் பாரு!" தலைவர் நெஞ்சிலேயே மிதித்தார். மூச்சு நின்றது.

சிரிப்புச் சத்தம் கேட்டதுமே மேடையிலிருந்து குதித்தோடிய வீரனின் மனைவி, கூட்டத்தைப் பிளந்து அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அந்த முகத்தை மடியில் போட்டுத் துடைத்தாள்.

"என் வீட்டுக்காரர் உடம்பே கிடைக்கலைன்னுதானே சிலை வச்சீங்க, பாவிகளா? இந்தா, உங்க காலடியில கிடக்கு!"