ஒட்டாத பதம்

செயற்கை மூட்டை எலும்போடு பிணைக்கும் எலும்பு சிமென்ட்டைக் கலப்பது எஸ்தர் சிஸ்டரின் வேலை. பொடியில் திரவத்தை ஊற்றிவிட்டால் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். அறுவை மேசையில் எடுத்த ரத்தத்தைப் பார்த்து, நோயாளிக்கு இன்னும் ஐந்து வருடமாவது ஆயுள் உண்டு என்று கணினித் திரை சொன்ன பிறகே ஊற்ற வேண்டும். இல்லையென்றால் தைத்து அனுப்பிவிட வேண்டும். பிறகு அவருக்குப் படுக்கைதான். கலந்ததை வீணாக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது.

இன்று இடுப்பு மூட்டு மாற்ற வந்திருந்தவர் தங்கப்பழம். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்தது.

“சிஸ்டர், மக வீடு மாடியில இருக்கு. ஏறிருவேனா?”

எஸ்தர் திரையைப் பார்த்தாள். இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் திரவத்தை ஊற்றிக் கிளறினாள்.

“திரையில இன்னும் பதில் வரலியே சிஸ்டர்?” என்றார் டாக்டர் புகழேந்தி.

“ஐயோ, ஊத்திட்டேன் சார்.”

மாவு போலத் திரண்டதை அவர் கையுறை விரலால் தொட்டுப் பார்த்தார். “ஒட்டல, பதம் வந்துருச்சு. குடுங்க.”

மூட்டு இறுகி முடிந்தபோது, மூன்று வருடம் என்றது திரை.

எஸ்தர் தவறுப் படிவத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் ‘அவசரத்தில் கை தவறியது’ என்று எழுதினாள். இந்த வருடத்தில் இது பதினான்காவது முறை. சாட்சிக்கான இடத்தில் டாக்டர் காலையிலேயே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.