பிள்ளைக்குக் கொடுத்த வீடு

சொந்த வீட்டுப் படலையைத் தட்டிவிட்டு வெளியே காத்து நிற்க வேண்டி வரும் என்று சோமசேகரம் கனவிலும் நினைத்ததில்லை. பழக்கதோசத்தில் கை கொக்கியை எடுக்கப் போனது. இழுத்துக்கொண்டார். இப்போது அது மகள் சுகந்தினியின் வீடு.

கட்டைபறிச்சானில் வீடு என்றால் பெண்பிள்ளைக்குத்தான். அவளுக்குக் கல்யாணமானால் மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான், தாயும் தகப்பனும் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கையில் நாலு காசு உள்ளவர்கள் அதே வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொள்வார்கள். சோமசேகரத்துக்கு வாய்த்தது வயற்கரையில் ஒரு கொட்டில். மனைவி கனகம்மாவும் அவரும் சட்டிபானையோடு அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

போன நாளிலிருந்து ஒரு காரியமும் சரிவரவில்லை. காலையில் எழும்பிக் காலை வைத்தால் மண்சுவரில் இடித்தது. முகம் கழுவக் கிணறு இல்லை, வாய்க்காலுக்குப் போக வேண்டும். சைக்கிளைச் சாத்தி வைக்க ஒரு மரம்கூட இல்லை. பின்னேரத்தில் வயல் வேலை முடிந்து நடந்தால் கால் தன்பாட்டில் பழைய வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பிவிடும். பாதி வழி வந்த பிறகுதான் புத்தி வரும்.

அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. கனகம்மா தேத்தண்ணி கொடுத்தால் குடித்தார், கொடுக்காவிட்டால் கேட்கவுமில்லை.

மாடு மட்டும் வீட்டோடு நின்றுவிட்டது. அந்தச் சனியனோ சோமசேகரத்தின் கையைத் தவிர வேறு கைக்குப் பால் விடாது. அதனால்தான் விடியற்காலையில் இந்தப் படலைத் தட்டல்.

நகுலேஸ்வரன் வந்து திறந்தான். ஊரார் வாயில் அவன் ‘மன்னார் மாப்பிள்ளை’. இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு நின்ற காலம் அது. சோமசேகரத்துக்கு இருந்ததே ஒரு பிள்ளை. கல்யாணம் கட்டினவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று கதை அடிபட்டது. மூதூரில் லோஞ்சு ஏறித் திருகோணமலைக்குப் போன குடும்பம், சுகந்தினியின் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடும் பக்கத்தில் இவனோடும் திரும்பி வந்தது. பந்தலுமில்லை, மேளமுமில்லை. அந்த நாளில் எத்தனையோ கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

“மாடு கத்துது” என்று மட்டும் சொல்லிவிட்டு நகுலேஸ்வரன் உள்ளே போய்விட்டான்.

சோமசேகரம் வாளியை வைத்துக் குந்தி, பாதி கறந்திருப்பார். படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். மூத்தவனை அவருக்குத் தெரியும். அடுத்த முறை வரும்போது பிள்ளை ஆயத்தமாக நிற்க வேணும் என்று போன மாதம் சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான்.

சுகந்தினி வாசலுக்கு வந்தாள். கை கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. சோமசேகரம் வாளியோடு எழும்பினார்.

“பிள்ளைக்குக் கலியாணமாம்?” என்றான் மூத்தவன்.

“ஓம் தம்பி.”

“போன மாசம் வரேக்கை ஒரு கதையும் இல்லையே ஐயா.”

“வயசு வந்த பிள்ளைதானே. நல்ல இடம் சரிவந்தது, முடிச்சிட்டம்.”

“எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்த ஏலாது, தெரியும்தானே?”

பதில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அன்னலட்சுமியிடமிருந்து வந்தது. பக்கத்து வளவுக்காரி. ஊரில் எந்தப் புதினம் நடந்தாலும் முதல் ஆளாக வேலியடிக்கு வந்துவிடுவாள்.

“ஆர் தம்பி பேய்க்காட்டினது? இந்த வீட்டுக்குக் கல் சுமந்தது இந்த மனிசன். இண்டைக்குப் பால் கறக்கிறதுக்குப் படலையில நிண்டு தட்டுறார். கனகம்மா அங்க கொட்டிலுக்குள்ள பாம்புக்குப் பயந்து நித்திரை இல்லாமக் கிடக்கிறா. வந்த மருமேனாவது மரியாதை தெரிஞ்சவனோ? மாமா எண்டு ஒருக்காலும் கூப்பிட்டு நான் கேக்கேல்லை. பேய்க்காட்டுறதுக்கு ஆரும் இப்பிடிச் சீரழிவினமோ?”

பொய் ஒன்றும் அவள் சொல்லவில்லை. சோமசேகரம் தலையைக் குனிந்துகொண்டார்.

மூத்தவன் வீட்டைப் பார்த்தான். வாளியும் கையுமாக நின்ற மனிதரைப் பார்த்தான்.

“ஐயா இப்ப இங்க இருக்கிறேல்லையோ?”

“இல்லை தம்பி. வீட்டைப் பிள்ளைக்குக் குடுத்தாச்சு.”

“அந்தரப்பட்டு ஏன் வயலுக்குப் போனனீங்கள்? ஒரு அறையில இருந்திருக்கலாமே.”

“ஊர் வழக்கம் ஒண்டு இருக்குத்தானே.”

மூத்தவன் மற்றவனைப் பார்த்துத் தலையசைத்தான். “சரி. குடும்பமாகீட்டுது, இருக்கட்டும்.”

மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் போகும் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. அன்னலட்சுமி வீட்டுப் பக்கம் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுத் தன் அடுப்படிக்குப் போனாள்.

சோமசேகரம் பால் வாளியோடு குசினிக்குள் வந்தார். சுகந்தினி கதவைச் சாத்திவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நகுலேஸ்வரன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணா, நம்பிட்டினம், மன்னாரில பெரியம்மாவை இனிப் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லு.”