இடா க்ரோவின் மூன்றாவது டேக்

வெள்ளக் காட்சிக்காகத் தொட்டிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டபோது துணை நடிகை இடா க்ரோவ் மூழ்கிச் செத்தாள். "நிறுத்தாதே, சுத்து" என்று டைரக்டர் ரூக் மெகாஃபோனில் கத்தியதால், நான் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அவளைப் புதைத்தோம். அதற்கடுத்த நாள் காலை, துணை நடிகர்கள் வரிசையில் அவள் ஈர உடையோடு நின்றாள்.

"நல்லா வந்துச்சா சார்?"

ரூக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சி தெரியலம்மா. இன்னொரு தடவை எடுத்துடலாம்."

அவள் தலையாட்டிவிட்டுத் தொட்டியில் இறங்கினாள். இந்த முறை முகம் தெளிவாகத் தெரிந்தது. மறுபடியும் புதைத்தோம்.

படச்சுருள் கழுவும்போது கெட்டுவிட்டது. அவள் வருவாள் என்று இரண்டு நாள் பார்த்தோம், வரவில்லை. ரூக் என்னிடம் கார் சாவியையும் ஒரு மண்வெட்டியையும் நீட்டினார்.

"போய்க் கூட்டிட்டு வா. சீக்கிரம், வெளிச்சம் போயிடும்."