சிவப்பு அளவுக்கட்டை

துப்பாக்கி பழுதுபார்க்கக் கற்றுத்தரும் மாலை வகுப்புப் பட்டறையில் லேத் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டன; ஜன்னலில் மொன்டானாவின் பனிவெளிச்சம் மட்டும் மிச்சமிருக்கிறது. கூடப் படிக்கும் வென்டெல் தன் பழைய மான்வேட்டைத் துப்பாக்கியைப் பிரித்துக் கொடுத்த போல்ட் பகுதியில், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பகுதியில், நான் புதுக் குழல் பொருத்தி மறுபடி மரப்பிடியில் பூட்டியிருக்கிறேன். சனிக்கிழமை அதை அவன் மலைக்கு எடுத்துப்போகிறான். தோட்டா அறையின் ஆழம் மிஞ்சியதா என்று காட்டும் சிவப்பு அளவுக்கட்டையை உள்ளே வைத்து, போல்ட்டின் கைப்பிடியை இறக்குகிறேன். பாதியில் முட்டி நிற்கவேண்டும். நிற்கவில்லை; வழுக்கிக்கொண்டு கடைசிவரை இறங்குகிறது. அறையை ஆழமாகக் குடைந்துவிட்டேன். சுட்டால் தோட்டாக்கூடு அவன் முகத்தருகே வெடிக்கலாம். ஒவ்வோர் அளவையும் நோட்டில் எழுதி ‘புரொபசர்’ என்று பேர் வாங்கியவன், கடைசி வெட்டை மட்டும் அளக்கவில்லை.

“என்ன புரொபசர், நின்னுச்சா?” எதிர்மேசையிலிருந்து வென்டெல் கத்துகிறான்.

“நின்னுச்சு,” என்கிறது என் வாய்.

“அடேயப்பா! உனக்கு ரொட்டிகூட நேரா வெட்டத் தெரியாதுன்னு என் பொண்டாட்டி சொன்னாளே!” சிரித்தபடி வந்து துப்பாக்கியைத் தூக்குகிறான். மரப்பிடியில் கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடுகிறான். என் காதுமடல் கொதிக்கிறது.

“கன்னத்த எடு வென்டெல். நிக்கல. பொய் சொன்னேன்.”

அவன் சிரிப்பு நிற்கிறது. கைப்பிடியைத் தூக்கி, தானே ஒருமுறை இறக்கிப் பார்க்கிறான். உள்ளே சிவப்புக் கட்டை இருந்தும், சத்தமே இல்லாமல் இறங்குகிறது.