ஆறாத குழாய்

கள்ளக்குறிச்சியில் மாலை நேர லேப் டெக்னீஷியன் வகுப்பில் படிக்கிறேன். திங்கட்கிழமை தியாகதுருகத்துத் தனுஷா என் கையில் ரத்தம் எடுத்தாள். எங்கள் பன்னிரண்டு பேரின் குழாய்களையும் ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் எடுத்தபோது பதினொன்று சில்லென்று இருந்தன. என்னுடையது உடம்புச் சூட்டில் இருந்தது.

“வெளியவே வச்சிட்டு வூட்டுக்குப் போயிட்டியா?” என்றார் தனசேகரன் சார். “இதுக்கு ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

கையெழுத்து இல்லாமல் தேர்வு எழுத முடியாது. உள்ளே வைத்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை மறுபடி எடுத்த ரத்தத்தைச் சாரே உள்ளே வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை அவரே எடுத்தார். ஃப்ரிட்ஜ் நான்கு டிகிரி. குழாய் முப்பத்தேழு டிகிரி. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

“அந்த ரத்தத்த பிளீச்சிங் தண்ணில ஊத்தி அழிச்சிடும்மா. கையெழுத்துப் போட்டுடறேன்,” என்றார், என்னைப் பார்க்காமல்.

ஊற்றினேன். போட்டார்.

அடுத்து, தனுஷா என் கையில் ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும்.

“இன்னாடி, கை ஐஸ் மாதிரி கீது? பயந்துக்கினு கீறியா?” என்று சிரித்தாள்.

மூன்று இடத்தில் குத்தினாள். ஒரு சொட்டும் வரவில்லை. நான்காவதாகக் குத்த இடம் தேடினாள்.

எனக்கு வலிக்கவே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் கையெழுத்து வேண்டும்.