இடப்பக்க இருக்கை

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கார் பட்டறையில் அன்று காலை இருந்தவர்கள் மூவர்: பெரியவர் பரமேஸ்வரன், அவருடைய மகள் விஷ்ணுப்ரியா, மெக்கானிக் நைஜல்.

பரமேஸ்வரனின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டே இருக்கைகள். சில நாள் அது வேகமெடுத்ததும் காலடித் தளத்திலிருந்து அதிரும். சில நாள் அதிராது. டயர்களை மாற்றியும் பயனில்லை.

நைஜல் முதலில் தனியாக ஓட்டிப் பார்த்தான். அதிரவில்லை. விஷ்ணுப்ரியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினான். அதிர்ந்தது.

"கண்டுபிடிச்சாச்சு அங்கிள். பக்கத்துல ஆள் ஏறினா பின்பக்கம் இறங்குது, அடியில பின்சக்கரத்தைச் சுத்துற ஷாஃப்ட் சாயுது, அதான் அதிருது. தனியா ஓட்டினா ஒன்னும் இல்ல லா."

"நான் தனியாத்தான் ஓட்டுறேன்" என்றார் பரமேஸ்வரன்.

நைஜல் சிரித்தான். "அப்ப யார் அங்கிள் அந்த ஆன்டி?"

விஷ்ணுப்ரியா சிரிக்கவில்லை. "நம்ம பிரிக்ஃபீல்ட்ஸ் ஏரியா முழுக்க அதான்பா பேச்சு. கோயில்ல வச்சு என் மாமியாரே கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

பரமேஸ்வரன் காரருகே போனார். உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் கார் இடப்பக்கம் தாழ்ந்து நின்றது. அவர் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, நிமிர்ந்தபடி தள்ளி நின்றார்.

"சீதா, இறங்கு. பிள்ளைங்க பாக்குறாங்க."

கார் மெல்ல ஓர் அங்குலம் உயர்ந்தது. விஷ்ணுப்ரியா வழிவிட்டு ஒதுங்கினாள்.

இந்த வயதில் பரமேஸ்வரன் யாரோ ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு திரிகிறார் என்று பேசுவது பொய். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், அவர் தாலி கட்டிய மனைவி சீதாலெட்சுமி. காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.